செங்கோட்டையும் திறனாய்வுத் தேர்வுகளும்: உயர்நிலைப் பள்ளி மாணவர் உதவித்தொகையில் எல்லைகளின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

பொதுத் திறனாய்வுத் தேர்வின் வழியாகப் பள்ளி மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் முறை இந்தியாவில் 1963 முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. இத்தேர்வுகள் மாணவரின் திறனை மட்டுமே அளப்பனவாகக் கருதப்படுகின்றன. ஆயினும் மாவட்டம், நகராட்சி, ஊராட்சி, பள்ளியின் வகை ஆகிய எல்லைகளே தேர்வு எழுதுவோரையும் பயன்பெறுவோரையும் பெரிதும் வரையறுக்கின்றன. இதனைச் செங்கோட்டை வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கோட்டை, தென்காசி மாவட்டம், திறனாய்வுத் தேர்வு, உதவித்தொகை, ஊரக மாணவர், இடைநிற்றல்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த செங்கோட்டை, எல்லை மாற்றங்களின் விளைவை நன்கறிந்த ஊர். திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த இப்பகுதி, மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மாணவர் எந்த அலுவலகத்தின் கணக்கில், எந்த ஒதுக்கீட்டில் இடம்பெறுவர் என்பதே மாறியது. இம்மாற்றம் உதவித்தொகைத் தேர்வுகளில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே இங்கு எழும் வினா.

திறன் தேடலின் தொடக்கம்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 1963இல் தில்லியில் 10 உதவித்தொகைகளுடன் அறிவியல் திறன் தேடல் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே அது 350 உதவித்தொகைகளுடன் நாடு முழுமைக்கும் விரிந்தது. அடிப்படை அறிவியலில் ஆய்வாளரை உருவாக்குவதே அதன் நோக்கம். அக்காலத் தேர்வு, அறிவியல் நாட்டத் தேர்வு, கட்டுரை, செயல்திட்ட அறிக்கை, நேர்காணல் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. 1976இல் சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியனவும் சேர்க்கப்பட்டுத் திட்டம் தேசியத் திறனாய்வுத் தேர்வு எனப் பெயர் மாறியது. கொள்குறி வகையிலான மனத்திறன் தேர்வும் படிப்பறிவுத் தேர்வும் அப்போது புகுந்தன. பிற்காலத்தில் தோன்றிய தேர்வுகள் பலவற்றுக்கு இவ்வமைப்பே முன்மாதிரியாயிற்று. 1985இல் தேர்வு மாநில, தேசிய நிலைகள் என இரண்டாகப் பகுக்கப்பட்டது.

உதவித்தொகைகளின் எண்ணிக்கை 2000 வரை உயர்ந்தபோதிலும், 2021 மார்ச் 31க்குப் பின் இத்திட்டம் தொடரப்படவில்லை. நாடு முழுமைக்கும் 2000 இடங்கள் எனும்போது, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் மாணவர்க்கு அதன் பயன் பணத்தைவிடப் பெருமையாகவே இருந்திருக்கும்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு

தமிழ்நாடு அரசு 1991இல் பிறப்பித்த ஆணையின்படி ஊரக மாணவர்க்கான திறனாய்வுத் தேர்வு உருவாயிற்று. ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதும் இத்தேர்வில் மாவட்டந்தோறும் 50 மாணவரும் 50 மாணவியரும் தெரிவு செய்யப்படுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஆண்டுக்கு ரூ.1000 வழங்கப்படும். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு ஒரு லட்சம் ரூபாய். பாலினச் சமநிலையைத் தெரிவிலேயே உறுதிசெய்தது இதன் தனிச்சிறப்பு.

ஆயினும் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் பயில்வோர் இத்தேர்வில் பங்கேற்க இயலாது. செங்கோட்டை ஒரு நகராட்சி. அதனை அடுத்துள்ள புளியரை ஓர் ஊராட்சி. புளியரையில் வாழும் கூலித் தொழிலாளியின் மகள் செங்கோட்டை நகரப் பள்ளியில் சேர்ந்தால், அவள் வாழ்வது சிற்றூரிலேயே ஆயினும் தேர்வு எழுதும் தகுதியை இழக்கிறாள். குடியிருப்பைக் கொள்ளாது பள்ளியின் இருப்பிடத்தை அளவுகோலாகக் கொண்டதன் விளைவு இது. உயர்நிலைக் கல்விக்காக அருகிலுள்ள நகருக்குச் செல்வது ஊரக மாணவர்க்கு இயல்பான வழி. அவ்வழியே தகுதியிழப்புக்குக் காரணமாவது திட்டத்தின் உள்முரண்.

மாவட்ட எல்லையோ எதிர்த்திசையில் இயங்கியது. ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டத்துக்குரிய 100 இடங்களுக்குள் போட்டியிட்ட தென்காசிப் பகுதி மாணவர்க்கு, மாவட்டப் பிரிவினைக்குப் பின் விதிப்படி தனியே 100 இடங்கள் உரியவாயின. மாணவரின் திறனில் எம்மாற்றமும் நிகழாமலே வாய்ப்பு மிகுந்தது.

வருவாய்வழி உதவித்தொகை

நடுவண் அரசு 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டத்தின் நோக்கம் வேறு. எட்டாம் வகுப்புக்குப் பின் ஏழை மாணவர் பள்ளியை விட்டு நிற்றலைத் தடுப்பதே அது. நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் உதவித்தொகைகள்; அவற்றுள் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவர் எழுதலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் பள்ளி மாணவர்க்கு இடமில்லை. செங்கோட்டை நகர அரசுப் பள்ளி மாணவிக்கு ஊரகத் தேர்வு மூடிய கதவை இத்தேர்வு திறக்கிறது.

தொகையிலும் வேறுபாடு பெரிது. தொடக்கத்தில் ஆண்டுக்கு ரூ.6000 ஆக இருந்த உதவி 2017 முதல் ரூ.12,000 ஆயிற்று, பின்னர் வருமான வரம்பும் ரூ.1.5 லட்சத்திலிருந்து ரூ.3.5 லட்சமாக உயர்ந்தது. நான்காண்டுகளில் ஒரு மாணவர் பெறுவது ரூ.48,000. ஊரகத் தேர்வில் வென்றவர் அதே காலத்தில் பெறுவது ரூ.4000, மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.83. இத்தொகை பேருந்துச் செலவுக்கும் குறிப்பேட்டுக்கும் உதவலாம். வேலைக்கு அனுப்ப எண்ணும் குடும்பத்தின் முடிவை மாற்றும் வலிமை அதற்கில்லை. 2023இல் தொடங்கிய முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளி மாணவர் 1000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடிய ஆண்டுக்கு ரூ.10,000 வழங்குவது, பயன்தரும் தொகை குறித்த சிந்தனை மாறியதைக் காட்டுகிறது.

பிறநாட்டு ஒப்பீடு

எல்லைவழி ஒதுக்கீடு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1955இல் நிறுவப்பட்ட தேசியத் தகுதி உதவித்தொகைக் கழகம், அரையிறுதித் தெரிவை மாநிலந்தோறும் பகிர்ந்தளிக்கிறது. ஒரே மதிப்பெண் ஒரு மாநிலத்தில் போதுமானதாகவும் பிறிதொன்றில் குறைவாகவும் அமையும். இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. வாய்ப்புகள் சமமற்ற இடங்களில் ஒரே மதிப்பெண்ணை அளவாகக் கொள்வது நீதியாகாது என்ற கருத்தே இவற்றின் அடிப்படை. எனவே எல்லை வகுத்தல் தன்னளவில் குறையன்று. வகுக்கப்பட்ட எல்லை பின்தங்கிய நிலையைச் சரியாகச் சுட்டுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

முடிவுரை

திறனாய்வு உதவித்தொகையின் மதிப்பைத் தேர்வின் கடினத்தைக் கொண்டோ வென்றோர் எண்ணிக்கையைக் கொண்டோ மட்டும் கணித்தல் போதாது. செங்கோட்டைச் சான்று மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, ஊரக மாணவர் என்பதற்குப் பள்ளியின் இருப்பிடத்துடன் மாணவரின் குடியிருப்பும் அளவுகோலாதல் வேண்டும். இரண்டாவது, காலத்துக்கேற்ப உயர்த்தப்படாத தொகை, உதவி என்னும் நிலையிலிருந்து பாராட்டு என்னும் நிலைக்குச் சுருங்கிவிடுகிறது. மூன்றாவது, திறன் தேடலும் இடைநிற்றல் தடுப்பும் வெவ்வேறு நோக்கங்கள். ஒன்றின் வெற்றியை மற்றதன் அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது. நகராட்சி எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழும் மாணவரின் வறுமை ஒன்றே. அவர்தம் தகுதியும் ஒரே அளவுகோலால் அறியப்படும்போதே இத்தேர்வுகள் தம் நோக்கத்தை நிறைவேற்றும்.