டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த காலம்

பழைய அம்பாசிடர் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது டைனமோ. உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தயாராகத் தொடங்கிய இந்தக் கார் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது; அதன் வயரிங்கும் லூகாஸ் நிறுவனத்தின் முறைதான். அந்த வகைச் சாமான்களைத் தமிழ்நாட்டிலேயே செய்ய 1961இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. சென்னைப் பாடியில் அதன் ஆலை எழுந்தது.

டைனமோவில் மின்சாரம் முழுவதும் சுழலும் ஆர்மேச்சரில் பிறந்து, கம்யூட்டேட்டர் வழியாகக் கார்பன் பிரஷ்ஷுக்கு வரவேண்டும். லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர்தான். இன்ஜின் ஐடிலில் நின்றால் அதுவும் கிடைக்காது. கட்-அவுட் என்னும் ரிலே பேட்டரியோடுள்ள இணைப்பைத் துண்டித்துவிடும். விளக்குச் சுமை முழுவதும் பேட்டரியின் தலையில் விழும். கெடிலக் கரைத் திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றித் திருமண வண்டிகள் ஊர்ந்துதான் நகரமுடியும். விடியுமுன் விளக்கைப் போட்டுக்கொண்டு அப்படி ஊரும் வண்டிக்கு டைனமோ போதாது. பேட்டரி இறங்கினால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும்.

டைனமோ பழுதுபார்ப்பது கைத்திறன் நிறைந்த வேலை. தேய்ந்த கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து, செப்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவை உடைந்த ஹேக்சா பிளேடால் பள்ளமாகச் சுரண்டி எடுப்பார்கள். மைக்கா சற்று மேலே நின்றாலும் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். அந்தக் கைப்பழக்கத்துக்கு ஈடாக ஆல்டர்னேட்டர் வேலையில் எதுவும் இல்லை.

சிலிக்கான் டயோடு மலிவானபின்தான் ஆல்டர்னேட்டர் காருக்கு வந்தது. 1960இல் கிரைஸ்லரின் வேலியண்ட் அதற்கு வழிகாட்டியது. இதில் மின்சாரம் பிறப்பது அசையாத ஸ்டேட்டரில். பிரஷ் வழியே போவது ரோட்டாருக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே. பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி ஓடாமல் டயோடு தடுப்பதால் கட்-அவுட்டும் வேண்டாம். லூகாஸ் 16ஏசிஆர் 34 ஆம்பியர் தந்தது. மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏறியது.

பழைய வண்டியில் இதை மாட்டுகையில் முதலில் பார்க்கவேண்டியது எர்த். பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் பேட்டரி இணைப்பை மாற்றியாகவேண்டும். தவறினால் டயோடு அந்தக் கணமே எரியும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் பார்க்கும் வழக்கத்தையும் விட்டாகவேண்டும். டைனமோவின் தடித்த வயர் 22 ஆம்பியருக்கு அளவானது. அதைவிடக் கனமான வயரை பேட்டரிப் பக்கம் இழுப்பதே சரி. டைனமோவின் ஃபீல்டு சுருளுக்குப் போன மெல்லிய வயர் வீணாகாது: அதை ஆல்டர்னேட்டரின் இண்டிகேட்டர் முனைக்குக் கொடுத்து, மறுமுனையை டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கு வயரோடு சேர்க்கலாம். அந்தச் சிறு பல்ப் வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் மின்னோட்டம் கிடைக்கிறது. பல்ப் ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே கிடக்கலாம். டைனமோ போனதால் வேலையற்றுப்போன அதன் ரெகுலேட்டர் பெட்டியின் உள்ளிணைப்புகளைக் கழற்றிவிட்டு, வயர்கள் கூடும் இடமாக மட்டும் அதைப் பானட்டுக்குள் விட்டுவைப்பதுண்டு.