லாரன்சு பள்ளி, லவ்டேல்

லாரன்சு பள்ளி என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்தை அடுத்த லவ்டேல் என்னும் இடத்தில் அமைந்துள்ள ஆங்கில வழி உறைவிடப் பள்ளி ஆகும். 1858 ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று, ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் அவர்களுள் பெற்றோரை இழந்தோருக்கும் உரிய காப்பகமாக இது தொடங்கப்பட்டது. அப்போது நீலகிரி தனி மாவட்டமாக இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 1868 இல்தான் பிரிக்கப்பட்டது. ஆகவே இதனைக் கொங்குப் பகுதியின் பழைய ஆங்கிலப் பள்ளிகளோடு சேர்த்து எண்ணுவதில் தவறில்லை. கோயம்புத்தூர் நகரின் ஸ்டேன்சு பள்ளிக்கு (1862) இது நான்கு ஆண்டுகள் மூத்தது. இன்று வசதி படைத்தோரின் பள்ளி என்று அறியப்படும் இது, ஏழைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

தோற்றம்

பள்ளிக்குப் பெயர் தந்த சர் என்றி லாரன்சு, கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரியும் ஆட்சியாளரும் ஆவார். வெப்பம் மிகுந்த சமவெளிப் படைமுகாம்களில் சிப்பாய்களின் பிள்ளைகள் நோயாலும் கவனிப்பின்மையாலும் மடிவதைக் கண்ட இவர், மலைப் பகுதிகளில் அவர்களுக்குக் காப்பகங்கள் வேண்டும் என்று கருதினார். முதலாவது காப்பகம் 1847 இல் இமயமலை அடிவாரத்தைச் சேர்ந்த சனாவரில் தொடங்கியது. 1856 இல் அபு மலையில் இரண்டாவது அமைந்தது. லாரன்சு 1857 ஆம் ஆண்டு சூலை 4 அன்று இலக்னோ முற்றுகையில் காயமுற்று இறந்தார். உதகமண்டலக் காப்பகம் அவர் நினைவாக அடுத்த ஆண்டு எழுந்தது. 1860 இல் தொடங்கிய நான்காவது பள்ளி இன்று பாக்கித்தானில், மரீக்கு அருகே உள்ளது. அபு மலைப் பள்ளி இப்போது இல்லை.

"ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே" என்னும் பொருள்படும் பள்ளியின் குறிக்கோளுரை, லாரன்சு இறக்கும் தறுவாயில் கூறியதாக வழங்கும் சொற்களிலிருந்து பெறப்பட்டது.

லாரன்சின் கருணைக்கு எல்லை இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். சனாவரில் தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக உள்ள பிள்ளைகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. அவர்களே இந்திய வெயிலைத் தாங்கமாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சென்னை அநாதைச் சிறுவர் இல்லம்

1871 இல் சென்னையிலிருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லம் இப்பள்ளியுடன் இணைக்கப்பட்டு, அதன் சிறுவர்கள் மலைக்கு மாற்றப்பட்டனர். இந்த இணைப்பின் வழியாக, லாரன்சு பள்ளியைக் காட்டிலும் பழமையான ஒரு வரலாறு இதனோடு சேர்ந்தது.

சென்னை இல்லம் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த சிறுவர்கள் அங்கே மிகுதியாக இருந்தனர். 1789 முதல் 1796 வரை இதன் கண்காணிப்பாளராக இருந்தவர் இசுகாட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் வழியில் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பெல் கண்டார். அதைத் தம் இல்லத்திலும் செய்யுமாறு ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் இணங்கவில்லை. எனவே சான் பிரிசுகன் என்ற எட்டு வயது மாணவனிடம், சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையாக இது பள்ளி முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பெல் இதுபற்றி எழுதிய நூல் 1797 இல் இலண்டனில் வெளியானது. செலவு குறைந்த இம்முறை "மதராசு முறை" என்னும் பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அதனைப் பின்பற்றிப் பள்ளிகளை ஏற்படுத்த 1811 இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் ஒரு தேசியச் சங்கமும் அமைந்தது. பெல் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூசில் அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் 1830களில் எழுந்த உயர்நிலைப் பள்ளிக்கு இன்றும் "மதராசு கல்லூரி" என்றே பெயர். மணலில் எழுதும் வழக்கத்தை மலபார்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் எழுதுகிறார். அக்காலச் சென்னை ஆங்கிலேயர் தமிழரையே மலபார் என்று அழைத்தனர் என்பதால், இதைக் கேரளத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சென்னையில் 1794 இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் முதல் மாணவர்களும் இந்த இல்லத்துச் சிறுவர்களே. அப்பள்ளியே பின்னர் கிண்டி பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. வில்லியம் லாம்டன் 1802 இல் தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவையில், அங்குப் பயின்ற இளைஞர்கள் உதவியாளர்களாகப் பணியாற்றினர்.

இல்லத்துக்குச் சொந்தமாக ஓர் அச்சகமும் இருந்தது. இணைப்புக்குப் பின் அது லாரன்சு அசைலம் அச்சகம் எனப்பட்டு, சென்னை மவுண்ட் சாலையில் இயங்கியது. 19 ஆம் நூற்றாண்டில் சென்னையில் அச்சான ஆங்கில நூல்கள் பலவற்றின் முகப்புப் பக்கத்தில் இப்பெயரைக் காணலாம்.

கட்டடம்

லவ்டேல் கட்டடத்தை வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிசம் ஆவார். உயர்ந்த மணிக்கூண்டுடன் கூடிய இக்கட்டடம் இத்தாலிய கோதிக் பாணியைச் சேர்ந்தது. செனட் இல்லத்தில் காணப்படும் இந்திய-சாரசனிய அலங்காரம் இங்கே இல்லை. வளாகம் சுமார் 750 ஏக்கர் பரப்புடையது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது.

விடுதலைக்குப் பின்

படைத்துறைப் பள்ளியாகவே நீண்ட காலம் இயங்கிய இது, 1949 இல் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து கல்வி அமைச்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் இந்தியப் பொதுமக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளியாக மாறியது. வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு என்று தனியே கட்டிய இடத்தில் இந்தியப் பிள்ளைகள் நுழைந்தனர். ஆயினும் சிப்பாயின் பிள்ளைக்குப் பதிலாகக் கட்டணம் செலுத்தக்கூடியவரின் பிள்ளையே பெரும்பாலும் வந்து சேர்ந்தது.

பள்ளி வாழ்க்கை

ஆண், பெண் இருபாலரும் பயில்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு வரை மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம் பின்பற்றப்படுகிறது. மாணவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சுமேரு, விந்தியா என்னும் நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். இவற்றுள் சுமேரு மட்டும் புராணத்து மலை.

படைத்துறைக் காலத்தின் எச்சங்களாக அணிவகுப்பும் வாத்தியக் குழுவும் தொடர்கின்றன. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் நிறுவனர் விழாவில் இவற்றோடு குதிரையேற்றமும் நாடகமும் இடம்பெறும். 1997 இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் அருந்ததி ராய் இப்பள்ளியின் முன்னாள் மாணவி ஆவார்.

போக்குவரத்து

நீலகிரி மலை இரயில் பாதையில், உதகமண்டலத்துக்கு முந்தைய நிலையம் லவ்டேல். இப்பாதை 1899 இல் குன்னூர் வரையிலும் 1908 இல் உதகமண்டலம் வரையிலும் அமைந்தது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரயில் வந்ததே 1873 இல்தான். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு சென்னையிலிருந்து மாற்றப்பட்ட அநாதைச் சிறுவர்களுக்கு, மலையடிவாரம் வரைகூட இரயில் இல்லை.