வெள்ளிச் சங்கிலியின் வாசகர்கள்

தண்டி என்றால் நமக்கு அலங்காரம்தான் நினைவு வரும். அவருடைய காவ்யாதர்சம் 9-ஆம் நூற்றாண்டிலேயே கன்னடத்தில் கவிராஜமார்க்கத்துக்கும் சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும் ஆதாரமாயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்குப் போயிற்று. தமிழில் 12-ஆம் நூற்றாண்டளவில் தண்டியலங்காரம். இப்படி ஆசிய இலக்கியங்களுக்கு விதி சொன்னவர், 700-ஐ ஒட்டிய பல்லவர் காஞ்சியில், மாயங்கள் மலிந்த நீண்ட உரைநடைக் கதையொன்றும் எழுதினார் என்பது நம் பேச்சில் வருவதில்லை. தெலுங்கில் கேதனர் 13-ஆம் நூற்றாண்டில் தசகுமாரசரிதத்தைச் செய்யுளாக்கி 'அபிநவ தண்டி' என்று பெயர் வாங்கினார். நம்மிடம் நின்றது இலக்கணம்.

நான் பேச விரும்புவது இந்தக் கதையின் ஒரே ஒரு முடிச்சைப் பற்றி. அதை வாசகர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

ராஜவாஹனனும் அவந்திசுந்தரியும் தூங்குகிறார்கள். தாமரைத் தண்டின் நாரால் கால் கட்டப்பட்ட ஒரு கிழ அன்னம் இருவர் கனவிலும் வருகிறது. விழித்துப் பார்த்தால் அவன் கால்களில் வெள்ளிச் சங்கிலி. அவள் அலறுகிறாள். அந்த அலறலில் காவலர் கூடிவிட, ரகசியம் உடைந்து அவன் பிடிபடுகிறான். மரக்கூண்டில் அடைத்துச் சம்பாபுரிவரை கொண்டு போகிறார்கள். யானைக் காலில் இட இருக்கும் வேளையில் சங்கிலி தானாகக் கழன்று ஒரு அப்ஸரஸ்ஸாகிறது. குளித்துக்கொண்டிருந்த முனிவர் மேல் தன் ஆரம் விழுந்ததால், உலோகமாகப் போ என்று சாபம் வாங்கியவள் அவள்.

இது தண்டியின் கையெழுத்து என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் நடுப்பகுதியில் வருகிறது. முன்னால் இருக்கும் பூர்வபீடிகை பிற்காலத்தார் கைவேலை. கதையின் தலைப்பகுதி தொலைந்துபோக, யாரோ எழுதி ஒட்ட வைத்தது. அதில் காரணம் சொல்லப்படுகிறது. முற்பிறவியில் இவர்கள் சாம்பனும் யக்ஞவதியும். அவன் விளையாட்டாக ஒரு அன்னத்தின் காலைத் தாமரை நாரால் கட்டினான். இரண்டு முகூர்த்தம் கட்டியதற்கு, மறுபிறவியில் இரண்டு மாதம் கால்விலங்கும் மனைவியைப் பிரிதலும் என்று அன்னம் சபித்தது. இருவருக்கும் பிறவி ஞாபகம் இருக்கும் என்று சலுகையும் கொடுத்தது.

பூர்வபீடிகையை எழுதியவரை இந்தக் கதையின் முதல் விமர்சகராகவே நான் நினைக்கிறேன். அபிப்பிராயம் எழுதாமல் அத்தியாயம் எழுதினார், அவ்வளவுதான். கனவும் சங்கிலியும் காரணம் அறியாமல் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் வெறும் கணக்குப்பிள்ளை அல்ல. ஒரு மந்திரவாதி அரசன் மானசாரன் முன்னிலையில் இந்திரஜாலம் காட்டுகிறான். கடைசி அயிட்டம் ஒரு கல்யாணம். ராஜவாஹனனையும் அவந்திசுந்தரியையும் அக்னி சாட்சியாகச் சேர்த்து வைக்கிறான். சபை வித்தை என்று ரசிக்கிறது. நடந்ததோ நிஜக் கல்யாணம். மாயக்கதையை வெறும் மாயமென்று பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்து வந்த வாசகர்கள் வேறு மாதிரி. மரபு தண்டியின் பதலாலித்தியத்தை, சொல்லின் மென்மையை, மெச்சியது. மந்திரகுப்தன் சொல்லும் கதையில் காதலி கடித்து உதடு புண்ணாகிவிட்டதால் உதடு கூடும் எழுத்து ஒன்றுகூட வராது. அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். 1846-இல் எச்.எச். வில்சன் லண்டனில் மூலத்தை அச்சிட்டபின் கல்லூரிப் படிப்பாளிகள் கைக்கு அது வந்தது. 1919-இல் பம்பாய்ப் பதிப்பைத் திருத்திய அகாஷே, காவ்யாதர்சத்தில் அவ்வளவு கண்டிப்பாக விதி வகுத்தவர் இவ்வளவு குற்றங்களும் ஆபாசமும் உள்ள கதையை எழுதியிருக்க மாட்டார் என்று வாதித்தார். விமர்சகன் தன் விதிப்படியே எழுதுவான் என்ற நம்பிக்கை! 1924-இல் எம். ராமகிருஷ்ண கவி அவந்திசுந்தரி கதையைப் பதிப்பித்தபின் இந்த வாதம் வலுவிழந்தது.

அந்த நூலின் தொடக்கம் நம் பக்கத்து ஊரில் நடக்கிறது. மாமல்லபுரத்துக் கடலோரத் திருமாலின் உடைந்த கையை லலிதாலயன் என்ற ஸ்தபதி ஒட்டியிருக்கிறான். தமிழில் சூத்ரக சரிதம் செய்தவனும் அவனே என்று தண்டி சொல்கிறார். அந்தக் கையைப் பார்க்க தண்டி நண்பர்களோடு போகிறார். ஒட்டின இடம் தெரியவில்லை. அப்போது அலை கொண்டுவந்த தாமரையொன்று பெருமாள் காலைத் தொட்டு வித்யாதரனாகி எழுகிறது. கைவேலையையும் மாயத்தையும் தண்டி பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டிலும் தெரியக்கூடாதது ஒட்டு.

இத்தனை வாசகர்களும் கேட்காமல் விட்டதை எங்கள் தெருவில் கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் கோர்வைப் புடவை நெய்தவர். உடலும் கரையும் வேறு நிறமானால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அவர் குழியில் உட்கார, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளியது நாற்பது வருஷம் அவர் மனைவி. ஒரு ராத்திரி மின்சாரம் போயிருந்தபோது திண்ணையில் இந்தக் கதையைச் சொன்னேன். ஜன்மாந்திரப் பிணைப்பு என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

"ஜன்மம் எல்லாம் எதுக்குத் தம்பி? அந்தப் பக்கத்து நாடா நின்னா இந்தப் பக்கமும் நின்னுது, அவ்வளவுதான்" என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அன்னத்தைக் கட்டினது அவன். பிரிவு மட்டும் ரெண்டு பேருக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "கூலி ஒரு பேர்லதான் எழுதுவாங்க. அது மாதிரி."

அகாஷேயின் கேள்வியைவிட இது பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. பிணைப்பு அழகானது, ஆனால் அந்த அழகு யார் கட்டினார், யார் கட்டுப்பட்டார் என்ற கணக்கை மறைக்கிறது. பூர்வபீடிகைக்காரர் காரணம் தேடி ஒரு பிறவி பின்னால் போனார். அங்கேயும் யக்ஞவதி அன்னத்தைத் தொடவில்லை. தண்டி இதை அறிந்திருந்தாரா? அவருடைய பகுதியில் அவளுக்கென்று ஒரு காரியம் இருக்கிறது: அலறுவது. அந்த அலறலை, ரகசியத்தைக் கெடுத்த பெண்புத்தி என்றுதான் நான் முதலில் படித்தேன். இப்போது, சங்கிலியைச் சங்கிலி என்று முதலில் சொன்னவள் அவள்தான் என்று படிக்கிறேன்.

மறுநாள் கவுண்டரில் ஒரு நெசவாளர் பாஸ்புக் நீட்டினார். பெயர் ஒன்று. பின்னால் பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தொகையைப் பதிந்து கொடுத்தேன். ஒட்டு தெரியாத நல்ல வேலை.