கிட்டி காலத்து வாக்குமூலங்கள்

1850-களில் காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு தாலுகா. அன்றைய சென்னை மாகாணத்தில் நிலவரி வாங்குகிற தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். 1816-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது. நெசவாளர்களின் தறிக்குக்கூட மோதர்பா என்ற வரி இருந்தது. வரி பாக்கி வைத்தவரும் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரும் ஒரே கச்சேரிச் சேவகர்களின் கையில்தான் சிக்கினார்கள்.

அங்கே இரண்டு சித்திரவதை முறைகள் பேர்போனவை. கிட்டி என்பது ஒரு முனையில் பிணைத்த இரண்டு மரக்கட்டைகள். நடுவே விரல்களை வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் அதைவிடக் கொடுமை. ஆளைக் குனியவைத்து, அவர் வேட்டியையோ கயிற்றையோ பின்கழுத்தில் போட்டுக் கால்விரல்களுக்கு அடியில் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். வெயிலில் அப்படியே நிற்க வேண்டும், சமயத்தில் முதுகில் கல்லோடு. அந்த நிலையில் எவர்தான் எதை ஒப்புக்கொள்ள மாட்டார்?

இதை லண்டன் வரை கொண்டுபோனதில் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1853-இல் இங்கே வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரிடம் அவர் மக்களின் குறைகளை நேரில் காட்டினார். மறுஆண்டு காமன்ஸ் சபையில் புயல் கிளம்பியது. விசாரணைக் குழு அமைந்தது. ஏறத்தாழ 2,000 புகார்கள் குவிந்தன. நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்து சாட்சி சொன்னவர்களும் உண்டு. 1855-இல் வெளியான அந்த அறிக்கையை 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் எடுத்து எழுதினார்.

1859-இல் மாகாணப் போலீஸ் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக்கக் கூடாது என்ற விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது.

1985-இன் போதைப்பொருள் சட்டம் இந்தப் பாதுகாப்பில் ஓட்டை விழ வழிசெய்தது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு, வருவாய்ப் புலனாய்வு போன்ற துறைகளின் அதிகாரிகள் 67-ஆம் பிரிவின்கீழ் ஆட்களை அழைத்து எழுதி வாங்கினார்கள். பெயரளவில் அவர்கள் போலீஸ் இல்லை என்பதால் அந்த வாக்குமூலம் செல்லும் என்று 1990-இலும் 2008-இலும் உச்ச நீதிமன்றமே சொன்னது. வணிக அளவு ஹெராயினுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை விதிக்கும் சட்டம் இது. 250 கிராமுக்கு மேற்பட்டாலே வணிக அளவு.

இதை எதிர்த்துப் போராடிய மேல்முறையீடு மறுபடியும் தமிழ்நாட்டிலிருந்தே போனது: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. 2004 அக்டோபரில் ஹெராயின் வழக்கில் கைதானவர் அவர். சிறப்பு நீதிமன்றம் விதித்த 10 ஆண்டுத் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. அவருக்கு எதிராக நின்றது முக்கியமாக அவரது வாக்குமூலம். 2013-இல் இரு நீதிபதிகள் அமர்வு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தீர்ப்பு வந்தது 2020 அக்டோபர் 29 அன்று. தண்டனையின் பத்தாண்டுக் காலம் அதற்கு வெகுமுன்பே கடந்திருந்தது. நீதி இத்தனை தாமதமாக வந்ததை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

நீதிபதிகள் நாரிமனும் நவீன் சின்ஹாவும் அந்த அதிகாரிகள் போலீசே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றார்கள். இந்திரா பானர்ஜி மாறுபட்டார். கடத்தல்காரர்கள் தப்பிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானதே. ஆனால் பறிமுதல் மகஜர், சாட்சிகள், ஆய்வக அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்கும் வழியை இந்தத் தீர்ப்பு அடைக்கவில்லை. பழைய 25-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக இருக்கிறது.