வீட்டுச் சாடியும் மலைநாட்டுப் பியரும்

தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளில் சுவை பார்ப்பதற்கென்றே ஒரு மேசை உண்டு. வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் அதன்மீது வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றிற்கும் ஒரே நிறையுள்ள தூள், ஒரே அளவு கொதிநீர், ஐந்தாறு நிமிடப் பொறுமை. பின்னர்ச் சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை ஓசையெழ உறிஞ்சி, நாவிலும் அண்ணத்திலும் பரவவிட்டு, உமிழ்ந்துவிடுகிறார். அவர் கூறும் சொற்கள் குறிப்பேட்டில் ஏறுகின்றன. நிறம் தெளிவு, உறைப்பு உண்டு, கனம் போதாது, சற்றே புகை. அச்சொற்களைக் கொண்டே கொழும்பு ஏலத்தில் விலை எழுகிறது. அச்சொற்களைக் கொண்டே கொழுந்தை வாட்டுவதிலும் அரைப்பதிலும் நேர்ந்த பிழை திருத்தப்படுகிறது. 1925-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுப் பின்னர்த் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் நாவின் சான்றை ஒதுக்கித் தள்ளவில்லை.

தேயிலைச் சுவைஞரின் சொற்களுள் ஒன்று சற்று வியப்பளிப்பது. நல்ல கனமான சாயத்தில் முளைகட்டிய தானியத்தின் மணம் இருப்பதாக அவர் குறிப்பதுண்டு. அம்மணத்திற்கு உரிய பானம் தேநீர் அன்று, பியர். பார்லியை முளைகட்டி, வறட்டி, வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிய நீரை ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் காய்ச்சி ஆற்றி, பாடநூல்கள் மதுவம் என்று கூறும் ஈஸ்ட்டைச் சேர்த்து நொதிக்க விடுவதே அதன் செய்முறை. இதனை வீட்டிலேயே செய்து, தாம் வடித்ததில் ஒரு போத்தலை அயலாருக்குக் கொடுத்து, அவர் வடித்ததில் ஒன்றைப் பெற்று, இருவரும் குறை நிறைகளை எழுதிக்கொண்டு, செய்முறையையும் ஒளிக்காமல் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்று பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருக்கிறது. இது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவோர் உளர். பத்துப்பாட்டைப் படித்தவர் அவ்வாறு எண்ணார்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், பரிசில் தேடிச் செல்லும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்த நூல் அது. வழியில் எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதை நாவூறச் சொல்லிக்கொண்டே செல்கிறது. அதிலே எயினர் தம் இல்லத்தில் சமைத்த நெற்கள்ளைப் பருகுவது ஓரிடத்தில் வருகிறது. அதற்குத் தோப்பி என்று பெயர். ஆயினும் அதனினும் அரியது, வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி. அங்கே புலவர் கள்ளைப் புகழ்ந்து மட்டும் செல்லவில்லை. அதனை ஆக்கும் முறையையே வரிசை பிறழாமல் வைத்துவிட்டார்.

அம்முறை இது. குற்றாத அரிசியைக் களியாகக் கூழ்போல் அட்டுக்கொள்ள வேண்டும். அக்கூழை வாயகன்ற தட்டுப் பிழாவில் ஊற்றி ஆற்ற வேண்டும். புற்றுக்குள் கிடக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய நல்ல அடையை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயையுடைய சாடியில் அது முற்ற விளைந்தபின், வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து வடிக்க வேண்டும். சுட்ட மீனுடன் அது விருந்தினருக்கு வழங்கப்பெறும்.

இதனை இன்றைய நொதியியல் அறிந்த ஒருவர் படித்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணத்தைக் காண்பார். கூழை ஆற்றாமல் அடையைக் கலந்தால் சூட்டில் நொதியின் உயிர் போய்விடும். அதனாலேயே வாயகன்ற பாத்திரம். அரிசியில் இருப்பது மாப்பொருள். ஈஸ்ட் அதனை நேரே உண்ணாது. மாவைச் சர்க்கரையாக்கும் துணை ஒன்று வேண்டும். பார்லிக்காரர் அத்துணையைத் தானியத்தின் முளையிலிருந்து பெறுகின்றனர். கீழைநாட்டினர் பலர் பூஞ்சை படர்ந்த அடையிலிருந்து பெறுகின்றனர். சப்பானியரின் கோஜி, கொரியரின் நுருக் முதலியன அவ்வினத்தவை. வலைஞரின் அடை அப்பணியையே செய்தது.

இப்பகுதியிலே ஒரு சொல் தனியே நின்று எண்ணத்தக்கது. கள் எந்நிலை வரை விளைய வேண்டும் என்பதற்குப் புலவர் நாள்கணக்கோடு நிற்கவில்லை. வழைச்சு நீங்கும் வரை என்கிறார். வழைச்சு என்பது இளமையின் பச்சைத்தன்மை. நொதித்து முடியாத பியரில் பச்சை ஆப்பிள் போன்ற ஒரு வாடை இருக்கும். அசற்றல்டிகைட்டு என்னும் பொருள் அதற்குக் காரணம் என்று வேதியியலார் கூறுவர். வீட்டில் காய்ச்சுவோர் அதனைப் 'பச்சைப் பியர்' என்று ஒதுக்கி, இன்னும் சில நாள் சாடியில் விட்டுவைப்பர். இதனைக் குறிக்க அவர்கள் ஒரு தொடரைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழில் அதற்கு ஒரு தனிச்சொல்லே இருந்தது. பலர் பருகி, பலர் கருத்துச் சொல்லி, பலர் திருத்திய ஒரு கைத்தொழிலில் மட்டுமே இத்தகைய சொல் பிறக்க இயலும்.

கொடுத்து உண்டதற்கும் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு நேயர் பலரும் அறிந்தது. சிறிது கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடன் உண்டு மகிழ்வான் என்றும் அம்மூதாட்டி நினைந்து அழுகிறார்.

நூற்றாண்டுகள் பல கடந்து மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். 1848-ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நடுவது என்ற துணிவோடு வந்து இறங்கினார். உடன்பிறந்தாரும் கொல்லரும் பண்ணையாளரும் மாடுகளும் வேட்டை நாய்களும் கலப்பைகளும் உடன் வந்தன. அன்று தேயிலை இல்லை, மலையெங்கும் கோப்பி. புகைவண்டியும் இல்லை, அது தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை அடைந்தது 1885-இல்தான். யாவும் மாட்டு வண்டியில் இறம்பொடைக் கணவாய் வழியே ஏற வேண்டும். பேக்கரின் குதிரைக்காரன் ஹென்றி பெர்க்ஸ் மதுப்பிரியன். அவன் அக்கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டினான். மீட்க அனுப்பிய யானையையும் ஓட்டியே கொன்றுவிட்டான். 1855-இல் வெளிவந்த தம் நூலில் பேக்கர் இதனை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். யானையை இழந்தவர் நகைக்க முடிந்தது, அவரிடம் வேறு யானையை வாங்கப் பொருள் இருந்தமையால் போலும்.

1849-இல் பேக்கர் அங்கே சிறிய அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பதே நுவரெலியா மதுவடிசாலையின் பிறப்புக் கதை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், ஆண்டு முழுவதும் 16 பாகையை ஒட்டி நிற்கும் குளிரில், பனிக்கட்டிப் பொறி இல்லாமலே பியர் ஒழுங்காக நொதிக்கும். மலையூற்று நீரும் தூயது. 1881-இல் அது வாணிபமாக வளர்ந்தது. 1911-இல் சிலோன் புரூவரி என்ற வரையறுத்த நிறுவனமாயிற்று. துரைமார் நுவரெலியாவில் கூடிய ஹில் கிளப் 1876-இல் எழுந்தது. துரை வடித்தது துரைமாரின் மேசைக்குச் சென்று, பின்னர் நாடெங்கும் விற்பனையாயிற்று.

அதே ஆண்டுகளில் அதே மலைக்கு ஏறி வந்த மற்றொரு கூட்டம் இருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மன்னார் வழியாக நடந்து வந்த தமிழர் அவர்கள். அவர்கள் ஊரில் பனை இருந்தது, தென்னை இருந்தது. தலவாக்கலையின் உயரத்தில் இரண்டும் இல்லை. லயத்து ஒற்றை அறையில் சாடி வைத்து இரண்டு நாள் காக்க இடமும் இல்லை. இருந்தது தவறணை. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. குத்தகை எடுத்தவர்கள் பெருஞ்செல்வரானார்கள். இலங்கையின் முதற்பெரும் தனவந்தர் குடும்பங்கள் சிலவற்றின் அடித்தளமே சாராயக் குத்தகை என்பது வரலாற்றாசிரியர் காட்டிய உண்மை. அச்செல்வத்தில் தோட்டக் கூலியின் காசும் கலந்திருந்தது. அதனைச் சேமித்திருக்க வேண்டிய மனைவியின் கண்ணீர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகை முறையின் இடத்தில் உரிமச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. புதிதாகத் தவறணைகள் திறக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் டி. பி. ஜயதிலக்க, சேனநாயக்க சகோதரர்கள் முதலியோர் முன்னின்றனர். நாட்டு விடுதலை இயக்கத்திற்கே அது நாற்றங்கால் ஆயிற்று. அச்சட்டத்தின்படி உரிமம் இன்றி மதுவை ஆக்குவது குற்றம். வடிசாலைக்கு உரிமம் பெறப் பணம் படைத்த நிறுவனத்தால் இயலும். லயத்தில் இருப்பவனால் இயலாது. ஆகவே அவன் காய்ச்சியது ஒளிந்து காய்ச்சியதாயிற்று.

அதுவே கசிப்பு. சீனியும் ஈஸ்ட்டும் நீரும் கலந்து பீப்பாயில் புளிக்க வைப்பதற்குக் கோடா என்று பெயர். அதனைத் தகரத்தில் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்தால் கசிப்பு. கோடாவை ஒருவரும் சுவைத்துப் பார்த்து வழைச்சு நீங்கிற்றா என்று கேட்பதில்லை. கேட்கக் காலமும் இல்லை. காவலர் வருமுன் காய்ச்சியாக வேண்டும். செய்முறை கேட்பவன் ஒற்றனாக இருக்கலாம். குறை சொல்பவன் பகைவனாகலாம். வாங்கியவனுக்கோ உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருட் பலர் அன்றாடக் கூலிகள். மது தீது என்பதில் ஐயமில்லை. தோட்டத்து மாணவர் பலரின் படிப்பு தந்தையின் குடியால் நின்றுபோயிருக்கிறது. ஆயினும் தீதுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒளிவில் பிறந்த மது, வெளியில் பிறந்ததினும் கொடிது.

வெள்ளையர் தம் சொந்த நாட்டில் இதனை எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பது காணத்தக்கது. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கியபோது, வீட்டில் காய்ச்சுவோரும் உரிமச்சீட்டுப் பெற வேண்டும் என்று விதித்தார். 1963-இல் நிதியமைச்சர் மோட்லிங் அவ்விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு. அது நீங்கியபோது வீட்டில் திராட்சைமது ஆக்க இசைந்த சட்டம், பியரை விட்டுவிட்டது. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அக்குறையை நீக்கிற்று. வயதுவந்தோர் ஒருவர் உள்ள வீட்டிற்கு ஆண்டுக்கு 100 கலன், இருவரோ பலரோ இருப்பின் 200 கலன்; விற்கக் கூடாது. அவ்வாண்டிலேயே சார்லி பப்பாசியன் என்னும் ஆசிரியர் கொலராடோவில் வீட்டுப் பியர்க்காரர் சங்கத்தையும் அதற்கு ஓர் இதழையும் தொடங்கினார். விற்பனை இல்லை என்றானபின் மறைப்பதற்கும் ஒன்றுமில்லை, செய்முறைகள் கைமாறின. 1985-இல் பியர் நடுவர்க்கும் ஒரு தேர்வு முறை ஏற்பட்டது. அவர்தம் மதிப்பெண் தாள் 50-க்கு: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் உணர்வு 5, மொத்தக் கருத்து 10. மதிப்பெண் மட்டும் இட்டால் போதாது. குறை எங்கே, அதனை நீக்குவது எவ்வாறு என்றும் எழுத வேண்டும். பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்துவோர் சிலர் இதனைக் கண்டு நாணலாம்.

இக்குறிப்பெழுதும் கலைக்கு நெறி வகுத்தவருள் முதல்வர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர். அப்பெயருடைய பாடகர் அல்லர். 1977-இல் உலகப் பியர்களைப் பற்றிய நூலை வெளியிட்ட அவர், இலங்கையின் கறுப்புப் பியரான லயன் ஸ்டௌட்டையும் சுவைத்து, உலர்ந்த பிளம்ஸ், கோப்பி, கசப்புச் சொக்கலேட் ஆகியவற்றின் சாயல்களை அதில் கண்டு எழுதினார். மலைக்குளிரில் பிறந்த ஒரு பானம் உலகச் சுவைஞர் நாவில் பெயர் பெற்றது அவ்வாறே. அம்மலையில் அதன் ஆக்கம் நீடிக்கவில்லை. 1990-களின் இறுதியில் பியர்த் தொழில் கொழும்பை அடுத்த பியகமைக்கு இறங்கிவிட்டது. குளிரூட்டும் பொறி வந்தபின் குளிர்மலையின் தேவை ஏது?

1912-இன் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. தோட்டத்து ஓடைக்கரைகளில் மதுவரித் திணைக்களத்தாரும் காவலரும் அவ்வப்போது பீப்பாய்களைக் கண்டெடுக்கின்றனர். கோடா அங்கேயே கவிழ்க்கப்படுகிறது. நீதிமன்றக் கோவையில் எழுதப்படுவது அதன் லீற்றர்க் கணக்கு.