ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவே

சென்னை ஆழ்வார்பேட்டையில், அடுக்ககத்தின் தரைத்தள வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைப் பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. கூட்டுக்குடும்பம் கலைந்த பிறகு முளைத்த புதுத் தொழில், சட்டம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலை ஆவதற்கு முன்பே, தோட்ட வீடுகள் மனைகளாகவும் பிறகு ஃபிளாட்டுகளாகவும் துண்டுபடுவதற்கு முன்பே, இந்தப் பகுதியின் பெரிய வீடுகளில் சம்பளத்துக்கு ஆயா இருந்தார். பாட்டியும் அத்தையும் இருந்த வீடுகளிலும் இருந்தார். அவர் அங்கே நின்ற நேரத்தில் அவருடைய சொந்தக் குழந்தை யாரிடம் இருந்தது என்பதைக் குடும்ப வரலாறுகள் எழுதி வைப்பதில்லை. கூலிக்குக் குழந்தை பார்ப்பது பழைய வேலை. மாறியது இடம்தான்: வேலை கொடுப்பவர் வீட்டிலிருந்து அது பார்ப்பவரின் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வாசலுக்குச் சட்டம் வராமல் போனதற்குத் தாமதம் காரணமல்ல, அது முதலிலிருந்தே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அது பார்த்தது ஆலையை. 1934 தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. 1948 சட்டத்தின் 48ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. 1976இல் அந்த எண் 30 ஆகக் குறைந்தது. இதன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளைப் படித்தால் அக்கறை தெரிகிறது. காப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாளொன்றுக்கு அரை பைன்ட் சுத்தமான பால், தாய் வேலைக்கு நடுவில் வந்து பாலூட்டிப் போக இடைவேளை என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணக்கெடுத்தது பெண் தொழிலாளிகளின் தலைகளைத்தான். அதே 1948இல் இங்கிலாந்து இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. பணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளைத் தன் வீட்டில் பகலில் பார்த்துக்கொள்பவரின் பெயரை உள்ளாட்சி மன்றம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது அது. இங்கே கேட்ட கேள்வி தாய் எங்கே வேலை செய்கிறாள் என்பது. அங்கே கேட்டது குழந்தை எங்கே இருக்கிறது என்பது. எல்லா வேறுபாடும் இதிலிருந்தே கிளைத்தது என்று நினைக்கிறேன்.

அரசின் அடுத்த பார்வை பசியின் மேல் விழுந்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளைகளையும் பந்தியில் உட்காரவைத்தது, அந்தச் செப்டம்பரிலேயே நகரங்களுக்கும் வந்தது. இது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவுதான் வீட்டுக்கு வருகிறது. அந்தக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. மூன்றாவது பார்வை பள்ளியின் மேல். 1937இல் வி.என். சர்மாவும் ஜெர்மனியிலிருந்து வந்த எல்லன் சர்மாவும் மயிலாப்பூர் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கினார்கள். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இந்த நல்ல மரபு தென்சென்னையில் ஊறியதால், சின்னக் குழந்தை என்றாலே சின்னப் பள்ளி என்று எண்ணும் பழக்கமும் கூடவே ஊறிவிட்டது. பிற்காலத்தில் விதி எழுதியவர்களும் அந்தப் பழக்கத்துக்கு விலக்கில்லை.

2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியபின், கட்டடமும் தீத்தடுப்பும்தான் எல்லா விதிகளுக்கும் முதுகெலும்பு ஆயின. அது நியாயமே. ப்ளே ஸ்கூல்களுக்கென்று தமிழ்நாடு 2015இல் வகுத்த விதித்தொகுப்பும், தேசியக் குழந்தை உரிமைகள் ஆணையத்தின் வழிகாட்டுதலும் பள்ளியை மனத்தில் வைத்து எழுந்தவை. பின்னது 3 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்கவே வேண்டாம் என்கிறது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தமோ, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில் காப்பகமும் தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையும் உண்டு. ஆழ்வார்பேட்டையில் வேலை கொடுப்பவை எவை? கிளினிக், ஆடிட்டர் அலுவலகம், துணிக்கடை, வக்கீல் சேம்பர். 50 பேர் உள்ள இடம் இவற்றில் எத்தனை இருக்கும்? ஆறு மாதத்தில் விடுப்பு முடிகிறது, மூன்று வயதில் பள்ளி திறக்கிறது. நடுவில் இரண்டரை ஆண்டு. அந்த இரண்டரை ஆண்டைத்தான் தரைத்தள வீட்டுப் பெண் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு விதியே வேண்டாம், பெற்றோருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான நம்பிக்கை போதும் என்பவர்கள் உண்டு. முகம் தெரிந்த தெருவில் அது ஓரளவு செல்லும். வாடகைக்கு வந்து ஆறு மாதம் ஆன தம்பதிக்கு விசாரிக்க யார் இருக்கிறார்கள்? மேலும், பகலில் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல ஒரு வயதுக் குழந்தைக்கு வாய் இல்லை. லைசென்ஸ் என்றால் லஞ்சம், சிறியவர்கள் கடையை மூடிவிடுவார்கள் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஐந்து குழந்தை உள்ள வாடகை வீட்டிடம் பள்ளிக்குரிய கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் கேட்டால் அப்படித்தான் நடக்கும். கொடுக்க முடியாத காகிதத்தைக் கேட்கும் இடத்தில்தான் கை நீளும். ஆகவே கேட்பதை வீட்டின் அளவுக்குச் சுருக்க வேண்டும். இங்கிலாந்தில் இன்று வீட்டில் பார்ப்பவர் ஒருவர் 8 வயதுக்குட்பட்ட ஆறு பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 5 வயதுக்குட்பட்டோர் பொதுவாக மூவர். இங்கும் வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு பதிவேடு, அப்படி ஒரு தலைக்கணக்கு, காவல்துறை நன்னடத்தைச் சான்று, முதலுதவிப் பயிற்சி, கேஸ் சிலிண்டரும் தண்ணீர்த் தொட்டியும் குழந்தை கைக்கு எட்டாமை, முன்னறிவிப்பில்லாமல் பெற்றோர் வந்து பார்க்கும் உரிமை என்று தொடங்கலாம். சோதிக்க ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. அங்கன்வாடிகளைச் சுற்றிவரும் மேற்பார்வையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், கூடுதல் பணிக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தால் போதும்.

இது ஃபிளாட்டுக்காரர்களின் கவலை, ஏழைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறதே என்ற பேச்சை ஏற்க முடியாது. அந்த ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கக் காலையிலேயே வரும் பெண்ணின் கைக்குழந்தையையும் குடிசைமாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் யாரோ ஒரு பக்கத்து வீட்டு அம்மா தினக்கூலிக்குப் பார்த்துக்கொள்கிறார். அவர் பெயரும் அதே பதிவேட்டில், கட்டணம் இல்லாமல், ஏற வேண்டும். மத்திய அரசின் மிஷன் சக்தியின் கீழ் காப்பகங்களுக்கென்று உள்ள பால்னா திட்டத்தின் பணம் இப்போது மையங்களுக்கே போகிறது. பதிவு பெற்றவர் என்ற தகுதி வந்தால், அதில் ஒரு பங்கை, குறைந்தது பாலுக்கும் முட்டைக்குமான செலவை, அந்த அம்மாவும் கேட்டு வாங்கலாம்.