விசுவாசமும் பெரிய கிரியையும்: திண்டிவனத்து ஓர் இரவின் சரித்திரம்

நமது சங்கராபுரம் கள்வராயன் மலைக்குக் கிழக்கே, மலையைக் கண்ணாற் காணும் தூரத்தில் அமைந்த ஊர் என்பதை வாசகர்கட்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. இப்பகுதியில் எவர் இல்லத்திலேனும் கடும்பிணி புகுந்து, உள்ளூர் வைத்தியர் கையை விரித்துவிட்டால், அடுத்து எழும் பேச்சு, "வேலூருக்குக் கொண்டு போகலாமா?" என்பதேயாம். வேலூர் என்றால் கோட்டையும் அகழியும் உள்ள அப்பட்டணம் அன்று. அங்குள்ள கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியே பொருள். திருவண்ணாமலை வழியாகச் செல்லும் பஸ்ஸில், மடியில் மருந்துச் சீட்டும் கையில் தூக்குப் பாத்திரமுமாக அமர்ந்து சென்றவர் நம் குடும்பங்களில் எத்துணையோ பேர். ஆயினும் அவ்வாஸ்பத்திரியின் வித்து விழுந்த இடம் வேலூரன்று, நம் பழைய ஜில்லாவாகிய தென்னார்க்காட்டுத் திண்டிவனம் என்பதை அறிந்தோர் சிலரே. கள்ளக்குறிச்சி ஜில்லா 2019-ஆம் ஆண்டிலும், அதன் தாயாகிய விழுப்புரம் ஜில்லா 1993-ஆம் ஆண்டிலும் பிறந்தவை. இக்கதை நடந்த காலத்தில் நாமும் திண்டிவனத்தாரும் ஒரே கலெக்டரின் ஆளுகையில் இருந்தோம். ஆதலின் இதனை நம் வீட்டுக் கதையாகவே சொல்லப் புகுகின்றோம்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில், தம்மை விசுவாசிக்கின்றவன் தாம் செய்த கிரியைகளையும் செய்வான், அவற்றினும் பெரியவற்றையும் செய்வான் என்று இயேசுநாதர் தம் சீடர்க்கு உரைத்ததாக ஒரு செய்தி வருகின்றது. கிறிஸ்தவர்களையே இடர்ப்படுத்தும் வாக்கியம் இது. குருடருக்குப் பார்வை தந்தவர், இறந்து நான்கு நாளானவனை எழுப்பியவர் என்று எவரைப் போற்றுகின்றார்களோ, அவருடைய செயலினும் பெரிதாகிய செயலை ஒரு சாதாரண மனிதன் எங்ஙனம் செய்தல் கூடும்? நூலோர் பலவாறு விடை பகர்வர். அவ்வாதங்களுள் யாம் புகவில்லை. சரித்திரத்தில் இதற்கு ஒரு விடை கிடைக்குமா என்று பார்ப்பதே எமது நோக்கம்.

ஜான் ஸ்கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் நியூயார்க்கில் நடத்தி வந்த தொழிலை விட்டு 1819-ல் இலங்கைக்குக் கப்பலேறினார். பின்னர்ச் சென்னை இராஜதானிக்கும் வந்தார். அவருடைய மக்கள் 1853-ல் ஆர்க்காட்டு மிஷனைத் தோற்றுவித்தனர். மக்களுள் ஒருவர் தந்தையின் பெயரையே தாங்கிய மற்றொரு ஜான் ஸ்கட்டர், அவரும் வைத்தியரே. அவர் புதல்வியாகிய ஐடா 1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை இந்நாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே நேரிற் கண்டார். எலும்புந் தோலுமான பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைத் தம் கையாலேயே பகிர்ந்தளித்தார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனால் இந்தியாவின்மீது அன்பு பிறந்தது என்று எழுதினால் கதைக்கு அழகாயிருக்கும், உண்மையோ வேறு. அவருக்கு இந்நாட்டின்பால் அச்சமும் வெறுப்புமே மிகுந்தன. அமெரிக்காவிற் படிக்கும்போது, குலத்தொழில் போலாகிவிட்ட மிஷனரி வாழ்க்கை தமக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதி கொண்டிருந்தார். 1890-ல் அவர் திண்டிவனத்துக்கு வந்ததும் தாயார் நோயுற்றிருந்தமையாலேயே. விரைவில் திரும்பிவிடுவதே எண்ணம்.

அக்காலத்தில் ஓர் இரவு பங்களாவில் விளக்கேற்றிப் படித்துக்கொண்டிருந்தார். வாயிலில் அந்தணர் ஒருவர் வந்து நின்றார். தம் இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்கு மன்றாடுகின்றாள் என்றும், ஐடா வந்து காக்க வேண்டும் என்றும் இறைஞ்சினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தையாரோ தேர்ந்த வைத்தியர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அப்பெண். அந்நிய புருஷன் ஒருவன் தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதினும் அவள் இறத்தலே மேல் என்று கூறி அவர் திரும்பினார். சிறிது நேரத்தில் முகம்மதியர் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுமொழி. மூன்றாவதாக மற்றோர் இந்துக் கனவான் வந்தார். அவரும் அங்ஙனமே போயினார். பொழுது புலர்ந்ததும் ஊர்ப்பக்கத்திலிருந்து பறையொலி கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்ததில், அம்மூன்று பெண்களும் அவ்விரவிலேயே மாண்டுபோயினர் என்று தெரிந்தது.

இங்கே சிறிது நின்று ஆலோசிக்க வேண்டும். அம்மூவரையும் கொடியோர் என்று சொல்லிவிடுதல் எளிது. கொடியோராயின், நள்ளிரவில் வெள்ளைக்காரர் வாயிற்படியை மிதித்து, முன்பின் அறியாத ஒரு பெண்ணினிடம் கைகூப்பி நின்றிருப்பரோ? மனைவியிடத்து அன்பில்லாதவன் அவ்வளவு தூரம் நடவான். அவர்கள் அன்புடையவர்களே. தம் ஆசாரத்தின்மேல் அசையாத நம்பிக்கையும் உடையவர்கள். அந்தணர், முகம்மதியர், பிற இந்து என்று குலமும் சமயமும் வேறாயினும், அவ்விரவில் மூவர் வாயினின்றும் வந்த சொல் ஒன்றே. நாலாவதாக நம் குலத்துப் பெரியவர் ஒருவர் அங்கே சென்றிருப்பின் வேறு சொல் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்று இச்சங்கப் பத்திரிகையில் எழுத எமக்குத் துணிவில்லை.

அரசாங்கத்தார் ஒன்றும் செய்யவில்லை என்பதற்குமில்லை. சென்னை வைத்தியக் கல்லூரியில் 1875-லேயே ஸ்திரீகளைச் சேர்த்தனர். அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-ல் சென்னையில் உயர்சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஜனங்கள் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்கினர். பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி பெயர் பெற்றது அதுவே. ஆனால் திண்டிவனத்தில் ஒரு பெண் துடிக்கும்போது திருவல்லிக்கேணியில் ஆஸ்பத்திரி இருந்து என் பயன்? பெண்ணுக்கு வைத்தியம் செய்யப் பெண் வேண்டும். அவள் ஊர்தோறும் வேண்டும். அத்துணைப் பேரை அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்குதல் நடவாத காரியம். இந்த எளிய கணக்கு ஐடா அம்மையாருக்குப் பிடிபட நெடுநாள் ஆகவில்லை. அந்த இரவுக்குப் பின் அவர் தம் பெற்றோரிடம், வைத்தியம் படித்து இங்கேயே திரும்பி வருவேன் என்று அறிவித்துவிட்டார்.

நிற்க. பிலடெல்பியாவில் ஸ்திரீகளின் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, பின் கார்னெல் வைத்தியக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பொருள் திரட்டுமாறு மிஷனார் அவரைப் பணித்தனர். ஷெல் என்னும் முதிய தனவான் ஒருவர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஐடா வந்து சேர்ந்தார். தந்தையாரின் அருகிருந்து தொழில் பழகலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. சில மாதங்களுள் அவர் புற்றுநோயால் காலமானார். புதிய வைத்தியர், அதிலும் இளம்பெண், ஜனங்கள் ஐயுற்றனர். பங்களாவின் ஓர் அறையே வைத்தியசாலை ஆயிற்று. முறையாகப் படித்த நர்ஸ் எவருமில்லை. சலோமி என்னும் பெண்மணியே உடனிருந்து கற்றுக்கொண்டு துணை செய்தார். இரண்டு வருஷங்களில் 5,000 நோயாளிகளைப் பார்த்தார் என்பர். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1909-ல் நர்ஸுகளுக்குப் பள்ளி ஏற்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவரைத் தேடி, மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலை நெடுகச் சென்று, மரத்தடிகளில் நிறுத்தி மருந்து கொடுத்தார். குதிரையில்லாமல் ஓடும் அவ்வண்டியைக் கண்டு முதலில் கிராமத்தார் ஓடி ஒளிந்தனராம். பின்னரோ அதன் வரவு நோக்கிச் சாலையோரம் காத்துக்கிடந்தனர்.

இவையெல்லாம் ஒருவருடைய உழைப்பு. எமது மனத்தைப் பெரிதும் கவர்வது 1918-ல் நடந்ததே. பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளி தொடங்க அம்மையார் உத்தரவு கேட்டபோது, விண்ணப்பம் செய்யப் பெண்கள் வருவரோ என்று சர்க்கார் வைத்திய அதிகாரிக்கே நம்பிக்கை இல்லை. கைவிரல் அளவேனும் வந்தால் தொடங்கிப் பாருங்கள் என்ற பாவனையிலேயே சம்மதித்தார். வந்த விண்ணப்பங்களோ 151. ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. இருபதுக்கும் குறைந்த மாணவிகளையே சேர்க்க முடிந்தது. முதல் வருஷப் பரீக்ஷைக்கு அவர்கள் சென்றபோது, ஆடவர் பள்ளிகளிலேயே ஐவருள் ஒருவர் தேறுவது அரிது, உங்கள் பெண்கள் தேறாவிடின் வருந்தாதீர்கள் என்று முன்னதாகவே ஆறுதல் சொல்லப்பட்டது. ஆறுதல் வீணாயிற்று, பெண்கள் அனைவரும் தேறினர். 1922-ல் 14 பேர் படிப்பு முடித்து வெளிவந்தனர்.

அந்த 151 விண்ணப்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வீடு உண்டு. "பெண்பிள்ளைக்குப் பிணத்தை அறுக்கும் படிப்பா? இவளை யார் கொள்வார்?" என்று கேட்ட உறவினர் உண்டு, அக்கேள்விக்கு அஞ்சாத, அல்லது அஞ்சியும் பின்வாங்காத ஒரு தகப்பனாரோ தாயாரோ உண்டு. ஐடா அம்மையாரின் விசுவாசம் நூல்களில் எழுதப்பட்டுள்ளது. இவர்களுடைய விசுவாசத்தை எவரும் எழுதவில்லை. ஆயினும் அது இல்லையேல் 10,000 டாலரும் 40 படுக்கையும் ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும். பெரிய கிரியை என்று அச்சுவிசேஷ வாக்கியம் குறிப்பது இதுவாகலாம் என எமக்குத் தோன்றுகின்றது. இறந்த ஒருவனை எழுப்புதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. பெண்களைச் சாகாமற் காக்கும் பெண்களை ஆண்டுதோறும் உண்டாக்குதல் முடிவில்லாதது. அற்புதத்துக்கு ஒருவர் போதும், இதற்குப் பலர் வேண்டும்.

அவர்களுக்குள் பிணக்கே இல்லை என்று எண்ணற்க. 1938-ல் சென்னை சர்க்கார், சிறிய வைத்தியப் பட்டங்கள் இனி இல்லை, கல்லூரியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்று விதித்தபோது பள்ளி மூடப்படும் நிலை வந்தது. அதற்கு வேண்டிய பெரும்பொருள் கிடைக்க வேண்டுமாயின் ஆடவரையும் சேர்த்துப் பொதுக் கல்லூரி ஆக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பொருளை அங்ஙனம் மாற்றுதல் துரோகம் என்றனர் மற்றொரு சாரார். இவர்களுள் அம்மையாரின் நெடுநாளைய தோழியும் ஆதரவாளருமான லூசி பீபாடி அம்மையாரும் ஒருவர். நட்பு முறிந்தது. எழுபதை எட்டிய வயதில் அம்மையார் மறுபடியும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று, 1947-ல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். ஆண் வைத்தியன் கூடாது என்று மூடிய கதவுகளாலேயே தோன்றிய ஸ்தாபனத்தில் ஆண்கள் நுழைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பது வேடிக்கையே.

பின்னர் வந்தவற்றை விரிப்பின் பெருகும். குஷ்டரோகத்தால் மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்திய பால் பிராண்ட் அங்குப் பணியாற்றியவர். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் மலையாளப் பெண்மணி 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்குக்குச் சென்று பயின்று வந்து, அங்கவீனருக்கு மறுவாழ்வு அளிக்கும் பகுதியை வேலூரில் நடத்தினார். நடக்கமாட்டாதவர் பிறரை நடப்பித்தார். 1971-ல் இந்நாட்டில் ஒருவர் சிறுநீரகத்தை மற்றொருவர்க்குப் பொருத்தி முதன்முதல் வெற்றி கண்டதும் அவ்விடத்தேயாம்.

இத்தகைய செயல் கிறிஸ்தவர்க்கே உரியது என்று யாம் சொல்லவில்லை. 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்று, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் கிறிஸ்தவரல்லர். ஆயினும் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷனார் நிறுவிய ஆஸ்பத்திரியிலும் வேலூரிலும் நாம் பெற்ற பயனை மறைத்தல் நன்றியறிதலாகாது. ஐடா அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. 1960-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் நாள் தமது 89-ஆம் வயதில் கொடைக்கானலில் காலமானார். திண்டிவனத்தில் அவ்விரவு மாண்ட மூன்று பெண்களின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

எம் பாட்டியாருக்குத் தமக்கை ஒருவர் இருந்தார். தலைப்பிரசவத்தில், மூன்றாம் நாள், இப்பகுதியில் ஒரு கிராமத்திலேயே இறந்தார். வேலூர்ப் பள்ளியில் பெண் டாக்டர்கள் படித்து வெளிவரத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்த காலம் அது. வீட்டில் வண்டி இருந்தது, மாடு இருந்தது, பணத்துக்கும் குறைவில்லை. பின் ஏன் கொண்டு போகவில்லை என்று யாம் சிறுவயதில் ஒருமுறை கேட்டோம். பாட்டியார் முறத்திலிருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஆம்பிளைங்க திண்ணையிலதான் இருந்தாங்க, யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார்.